சாலை போகாத மலை

ஸ்காட்லாந்தின் வடமேற்கில், வெஸ்டர் ராஸ் வட்டாரத்தில், அ வைச்சன் என்றொரு மலை இருக்கிறது. உயரம் 967 மீட்டர்தான். எண்ணை மட்டும் பார்ப்பவர்களுக்கு அது பெரிதாகத் தோன்றாது. ஆனால் எந்தத் திசையிலிருந்து புறப்பட்டாலும், காரை நிறுத்திய இடத்திலிருந்து அதன் அடிவாரம் போய்ச் சேரவே அரை நாள் நடக்க வேண்டும். வழியில் கடை இல்லை, விடுதி இல்லை, செல்பேசிக்கு சிக்னல் இல்லை. ஸ்காட்லாந்தின் பெரிய மலைகளுள் சாலையை விட்டு மிக அதிகம் ஒதுங்கி நிற்பது இதுதான் என்பது மலையேறுபவர்களிடையே நெடுநாளாக இருந்துவரும் பேச்சு.

'பெரிய மலை' என்பதற்கு அங்கே ஒரு கணக்கு உண்டு. 3,000 அடிக்கு, அதாவது 914.4 மீட்டருக்கு மேற்பட்ட மலைகளை சர் ஹியூ மன்ரோ என்பவர் 1891இல் பட்டியலிட்டு வெளியிட்டார். இன்று அந்த மலைகளுக்கே 'மன்ரோ' என்று பெயர். (சென்னைத் தீவுத்திடலருகே குதிரைமேல் அமர்ந்திருக்கும் சர் தாமஸ் மன்றோ வேறு ஆள்.) பட்டியலில் இப்போது 282 மலைகள். எல்லாவற்றிலும் முதலில் ஏறி முடித்தவராக அறியப்படுபவர் ராபர்ட்சன் என்ற பாதிரியார், 1901இல் முடித்தார். பட்டியல் போட்ட மன்ரோவோ சில மலைகளில் ஏறாமலேயே 1919இல் காலமானார். அன்றிலிருந்து 7,000 பேருக்கு மேல் முழுப் பட்டியலையும் முடித்துத் தங்கள் பெயரைப் பதிந்திருக்கிறார்கள். அளவையும் விடாமல் பார்க்கிறார்கள். அ வைச்சனுக்கு அண்டை மலையான பென் அ க்ளாய்வைக் கருவி வைத்து மறுபடி அளந்தபோது 44 சென்டிமீட்டர் குறைந்தது. 2012இல் அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

எனக்குப் பட்டியலில் நாட்டமில்லை. மக்கள் வாழ்ந்த ஒரு நிலம் எப்படி வெறுமையானது, அந்த வெறுமைக்குள் நடக்கும் உரிமை எல்லோருக்கும் எப்படிக் கிடைத்தது என்ற இரண்டு கேள்விகள்தான் என்னை அங்கே இழுத்தன. இரண்டுக்கும் விடை இந்த மலையைச் சுற்றியே இருக்கிறது. முதல் கேள்விக்கான விடையில் நம் ஊரின் பெயரும் கலந்திருக்கிறது.

மலைக்குப் போகுமுன் இன்வர்னஸ் நகருக்கு வடக்கே ஒரு சுற்று போனோம். என்னோடு வந்தவர் கிளாஸ்கோவில் வேலை பார்க்கும் இளைஞர். குடும்பம் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கைச் சேர்ந்தது. குரோமார்ட்டி கடற்கழிக்கு மேலே ஃபைரிஷ் என்றொரு குன்று. பைன் காட்டுக்குள் ஒரு மணி நேரம் ஏறினால் உச்சியில் கருங்கல் வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. பின்னால் கட்டடம் எதுவும் இல்லை. வெட்டவெளியில் ஒரு கோட்டை வாசல் மட்டும் தனியாக நிற்கிறது. அது நாகப்பட்டினத்துக் கோட்டை வாசலை நினைவில் வைத்துக் கட்டியது.

கட்டியவர் சர் ஹெக்டர் மன்ரோ. இவர் மூன்றாவது மன்ரோ. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1764இல் பக்சார் போரை வென்றவர். 1780 செப்டம்பரில் புள்ளலூரில் கம்பெனித் தளபதி பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் நிர்மூலம் செய்தபோது, சில மைல் தொலைவில் காஞ்சிபுரத்தில் பெரும்படையோடு இருந்தும் உதவிக்குப் போய்ச் சேராதவர். பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கியவர். அடுத்த ஆண்டு, 1781 நவம்பரில், டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். அந்த வெற்றியின் நினைவாகத்தான் ஊர் திரும்பியபின் இந்த வாசலை எழுப்பினார். வேலையில்லாமல் தவித்த ஊர்க்காரர்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்று செய்த தருமம் இது என்று அவ்வட்டாரத்தில் சொல்கிறார்கள். மேலே ஏற்றிய கற்களை அவரே கீழே உருட்டிவிட்டு, மறுபடி ஏற்றவைத்துக் கூடுதல் நாள் கூலி கொடுத்தாராம். கதை எந்த அளவு உண்மையோ, வாசல் உண்மை. நான் அதன் கல்லில் கை வைத்து நின்றேன். காவிரிக் கடைமடையில் ஈட்டிய பணமும் பெயரும் அங்கே குளிர்ந்த கருங்கல்லாக இருக்கின்றன.

இதே ஹெக்டர் மன்ரோவின் பண்ணையில் கில்டர்மோரி என்ற பகுதி இருந்தது. குடியானவர்களின் மாடுகள் மேய்ந்த அந்த நிலத்தை அவர் ஆட்டுப் பண்ணைக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டார். கம்பளிக்கு நல்ல விலை. குடியானவர் தரும் வாரத்தைவிட ஆட்டுப் பண்ணை தரும் குத்தகை பல மடங்கு. 1792இல் அப்பகுதி மக்கள் ஒன்று திரண்டு, சுற்றுவட்டாரத்து ஆடுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துத் தெற்கு நோக்கி ஓட்டத் தொடங்கினார்கள். அந்த ஆண்டை அங்கே 'ஆடுகளின் ஆண்டு' என்றே இன்றும் குறிக்கிறார்கள். பட்டாளம் வந்து அவர்களைக் கலைத்தது. தலைவர்கள் என்று சிலரைப் பிடித்து வழக்காடித் தண்டித்தார்கள். ஆடுகள் திரும்பி வந்தன, மனிதர்கள் வெளியேறினார்கள். அடுத்த அறுபது எழுபது ஆண்டுகளில் ஸ்காட்லாந்தின் மலைநாடான ஹைலண்ட்ஸ் முழுவதும் இதுதான் நடந்தது. பள்ளத்தாக்குகளிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்களை அகற்றிக் கடற்கரைத் துண்டு நிலங்களுக்கும், கனடாவுக்கும், ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பினார்கள். பிறகு கம்பளி விலை சரிந்தது. ஆடுகளின் இடத்தில் மான்கள் வந்தன. செல்வந்தர்கள் வேட்டையாடுவதற்கான மான்கள்.

மேற்குக் கரையில் பூல்யூ என்ற சிற்றூரில் காரை நிறுத்தினோம். மரீ ஏரியின் தண்ணீர் யூ என்ற குட்டையான ஆறாக ஓடிக் கடலில் விழும் இடம் அது. ஊருக்கு அடுத்தாற்போல் இன்வர்யூ தோட்டம். ஆஸ்குட் மெக்கென்சி என்பவர் 1862 முதல் வெறும் பாறைமேட்டில் மண் கொட்டி, காற்றுத் தடுப்புக்கு மரம் வளர்த்து உருவாக்கியது. வெப்ப நீரோட்டத்தின் தயவில் அங்கே யூகலிப்டஸ்கூட வளர்கிறது. வேலி போட்டுக் காத்தால் இந்த மண்ணில் என்னென்ன வளரும் என்பதற்கு அது ஒரு சான்று. அதை மனத்தில் வைத்துக்கொண்டு வேலியில்லாத நிலத்துக்குள் நுழைந்தோம்.

மே மாதக் கடைசி. ஆற்றோரம் பிர்ச் மரங்கள் புதுத் தளிர் விட்டிருந்தன. குக்கூப் பறவை இடைவிடாமல் கூவிக்கொண்டிருந்தது. கெர்ன்சரி என்ற பண்ணைவீடு வரை வண்டிப்பாதை. அதற்கப்பால் நட்டு வளர்த்த ஊசியிலைக் காடு. அதையும் கடந்தால் ஒற்றையடிப்பாதை. மலையேற்றத்துக்கு நேரம் கணிக்க ஸ்காட்லாந்துக்காரர் நைஸ்மித் 1892இல் ஒரு விதி சொன்னார். தற்கால அளவில் சொன்னால், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். நல்ல பாதையில் அது சரியாக வரும். இங்கே வராது. கால் வைக்கும் இடமெல்லாம் பீட். செத்த பாசியும் புல்லும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்காமல் படிந்து கறுத்துப்போன சேறு அது. மேலே பார்த்தால் பசும்புல்; மிதித்தால் கணுக்கால் வரை, சில இடங்களில் முழங்கால் வரை போகும். ஸ்பாக்னம் பாசியை ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகும். தன் காய்ந்த எடையைப்போல் இருபது மடங்கு நீரை அது தாங்கும். பாசிக்கு நடுவே காசளவில் சிவந்த செடிகள். குனிந்து பார்த்தேன். இலை முழுவதும் மயிர்க்கால்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் பசைத்துளி. ஒன்றில் ஒரு மிட்ஜ் சிக்கியிருந்தது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அந்தக் கடிபூச்சியின் இறக்கை இன்னும் துடித்துக்கொண்டிருக்க, பக்கத்து மயிர்க்கால்கள் அதன்மேல் மெல்ல வளைந்துகொண்டிருந்தன. சத்தில்லாத சேற்றில் உயிர் வாழ அந்தச் செடி கண்ட வழி அது.

பாதையிலிருந்து சற்று விலகி, சுற்றிலும் பழுப்பாக இருந்த சரிவில் ஒரு துண்டு மட்டும் பளிச்சென்ற பச்சையாகத் தெரிந்தது. கிட்டே போனோம். தரையோடு தரையாக நீள்சதுரமாய்க் கல் வரிசை. நெட்டில் என்னும் காஞ்சொறி இடுப்பளவு வளர்ந்திருந்தது. ஆளும் மாடும் நெடுங்காலம் புழங்கி உரமேறிய மண்ணைத்தான் அது விரும்பும். கோடையில் மாடுகளை மேலே ஓட்டி வந்து, பெண்களும் பிள்ளைகளும் தங்கி வெண்ணெய் எடுத்த குடிசைகள் இந்த மலைகளெங்கும் இருந்தன. இதுவும் அப்படிப்பட்ட ஒன்றாக இருக்கலாம். நான் சுவரின் நீளத்தைக் காலால் அளந்துகொண்டிருந்தேன். கூட வந்த தம்பி ஓரிடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு கல்லைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, இதுதான் வாசற்படி. ஆக்கள் மிதிச்சு மிதிச்சுத் தேஞ்சுபோயிருக்கு, பாருங்கோ."

கல்லின் நடுப்பகுதி லேசாகக் குழிந்திருந்தது. சற்று நேரம் கழித்து அவரே சொன்னார்: "காணி விடுபட்டு எங்கட வீட்டுக்குப் போகேக்குள்ள இப்பிடித்தான் இருந்தது. அத்திவாரமும் கிணறும்தான் மிச்சம். அம்மாவும் முதல்ல படியைத்தான் தேடினவ."

வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தவர்கள். உயர் பாதுகாப்பு வலயமாக அடைபட்ட காணிகளில் சில, பத்தாண்டுகள் கழித்துத்தான் திரும்பக் கிடைத்தன. சில இன்னும் கிடைக்கவில்லை. இரண்டு வரலாறுகளையும் ஒன்றென்று சொல்லமாட்டேன். ஒன்று போர், மற்றது வாடகைக் கணக்கு. ஆனால் இடிந்த ஒரு வீட்டைப் பார்த்ததும் எங்கே வாசல் இருந்தது என்று தேடத் தெரிந்த கண் எனக்கு இல்லை, அவருக்கு இருந்தது. அதற்குப் பிறகு அந்த நிலத்தை அவர் கண் வழியாகவும் பார்க்கத் தொடங்கினேன்.

சரிவிலிருந்து இறங்கினால் ஃபியூன் ஏரி. நீண்டு அகன்று கிடக்கும் வெளிறிய நீர்ப்பரப்பு. கரையில் ஒரு மரம் கிடையாது. கண்ணுக்கு எட்டிய தூரம் ஹெதர் புதரும் கோரைப்புல்லும் மட்டுமே. அப்போது தம்பி கையை நீட்டினார். "உந்தத் தீவைப் பாருங்கோ. அங்க மட்டும் ஏன் மரம் நிக்குது?"

கரையை ஒட்டி ஒரு சிறு தீவு. எங்கள் வீட்டு முற்றத்தளவுகூட இருக்காது. அதில் பிர்ச்சும் ரோவனும் நெருக்கியடித்துக்கொண்டு வளர்ந்திருந்தன. அதே மண், அதே மழை, அதே காற்று. வித்தியாசம் ஒன்றுதான்: ஆட்டுக்கும் மானுக்கும் தீவில் வேலையில்லை, கரையில் புல் செழிக்க வைக்கும் தீயும் தண்ணீரைத் தாண்டாது. கரையில் முளைவிடும் ஒவ்வொரு கன்றையும் மான் நுனியைக் கடித்துவிடுகிறது. இந்த மலைகளை 'காட்டு நிலம்', 'மனிதக் கை படாத இயற்கை' என்று சொல்லும் சுற்றுலாக் கையேடுகளை எழுதியவர்கள் அந்தத் தீவின்முன் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும்.

ஆனால் எல்லாப் பழியையும் ஆட்டின்மேலும் மானின்மேலும் போட்டுவிடக் கூடாது. பாதையோரத்தில் மழை அரித்த பீட் வெட்டுகளில் வெளிறிய வேர்க்கட்டைகள் நீட்டிக்கொண்டிருந்தன. இவை பைன் மரங்கள். ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முன் தட்பவெப்பம் ஈரமாகி, சேறு உயர்ந்தபோது இங்கே பைன் காடுகள் பெருமளவில் மடிந்தன; சேறே கட்டைகளை அழுகாமல் காத்தது. பிறகு மனிதன் வெட்டினான், எரித்தான். பக்கத்து மரீ ஏரிக்கரையில் லெட்டர்யூவில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சர் ஜார்ஜ் ஹே இரும்பு உலை வைத்து, அதற்காக ஓக் மரங்களைக் கரியாக்கினார். எஞ்சியதை மீண்டும் முளைக்கவிடாமல் செய்ததுதான் ஆடும் மானும். இந்தப் பகுதி மலைகளின் நடு வயிற்றில் பெரிய ஊர்கள் எப்போதும் இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏரிக்கரைகளிலும் ஆற்றோரங்களிலும் மக்கள் வாழ்ந்தார்கள். மலைகள் அவர்களின் கோடை மேய்ச்சல். கீழே ஊர் போனதும் மேலே மேய்ச்சலும் போனது.

ஃபியூன் ஏரியும் டூ ஏரியும் சந்திக்கும் இடத்தில் கல் அடுக்கிய ஒரு தாம்போதி. அதைக் கடந்தால் கார்ன்மோர். பூல்யூவிலிருந்து இங்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டர். செங்குத்தான பாறைச் சுவருக்குக் கீழே பண்ணைக்குச் சொந்தமான ஒரு வேட்டை மாளிகை, பூட்டிக் கிடந்தது. அதன் பக்கத்தில் ஒரு பழைய தொழுவம். அதை வழிப்போக்கர்கள் தங்கத் திறந்தே வைத்திருக்கிறார்கள். மண் தரை, தகரக் கூரை, எலிகள். ஆனாலும் மேற்குக் கரையின் மழையில் நனைந்து வருபவருக்கு அது போதும். நாங்கள் ஏரிக்கரையில் கூடாரம் அடித்தோம்.

அனுமதி வாங்கவில்லை. வாங்கத் தேவையுமில்லை. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

ஸ்காட்லாந்தில் தனியாருக்குச் சொந்தமான நாட்டுப்புற நிலத்தில் பாதி சில நூறு பேரிடம் இருக்கிறது. இத்தனை குறைந்த கைகளில் இத்தனை நிலம் குவிந்திருப்பதை ஐரோப்பாவில் வேறெங்கும் காண்பது அரிது. நாங்கள் நடந்த நிலம் லெட்டர்யூ பண்ணையைச் சேர்ந்தது. 1970களின் பிற்பகுதியில் அதை வாங்கியவர் பால் ஃபென்டனர் வான் விலிசிங்கன் என்ற டச்சுத் தொழிலதிபர். ஆரம்பத்தில், நடப்பவர்களை அனுமதி கேட்டு வரச் சொன்ன அவருடைய அறிவிப்புகளுக்கு மலையேறுபவர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு கிளம்பியது. அவர் சண்டைக்குப் போகாமல் அவர்களோடு உட்கார்ந்து பேசினார். 1993இல் லெட்டர்யூ உடன்படிக்கை கையெழுத்தானது. யாரும் வரலாம், நடக்கலாம். நிலத்துக்கும் விலங்குக்கும் ஊர்க்காரருக்கும் கேடு செய்யாமல் நடக்க வேண்டும். வேட்டைக் காலத்தில் பண்ணையை விசாரித்துக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான் அதன் சாரம். பத்தாண்டு கழித்து, 2003இல், ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இயற்றிய நிலச் சீர்திருத்தச் சட்டம் இதே கொள்கையை நாடு முழுவதற்கும் சட்டமாக்கியது. பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் ஏறக்குறைய எந்த நிலத்திலும் எந்த நீரிலும் போகலாம், கூடாரம் அடித்து இரவு தங்கலாம். வீட்டைச் சுற்றியுள்ள தோட்டம், பயிர் நிற்கும் வயல் போன்றவை மட்டும் விலக்கு.

இதை நான் பெரிய விஷயமாகக் கருதுகிறேன். நிலம் இன்னும் திரும்பக் கொடுக்கப்படவில்லை. அந்தக் கணக்கு பாக்கிதான். ஆனால் அந்நிலத்தில் கால் வைக்கும் உரிமையை இனி எந்த முதலாளியும் பறிக்க முடியாது. வலிகாமத்திலிருந்து கிளாஸ்கோவுக்கு வந்து சேர்ந்த ஓர் அகதியின் மகனுக்கும் அது உண்டு. மாளிகைக்கு எதிரே, அவன் கூடாரத்தில், அவன் தேநீர் வைத்துக் குடிக்கலாம். அன்றிரவு அவர் அதைத்தான் செய்தார். பத்தரை மணிக்கும் வானத்தில் வெளிச்சம் இருந்தது. ஏரியின் நடுவிலிருந்து கருங்கழுத்து டைவர் என்ற நீர்ப்பறவையின் நீண்ட ஓலம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை மலையேறிய பாதை மிக அருமையாக அமைந்தது. சேறு இல்லை, செங்குத்து இல்லை. சரிவை மடித்து மடித்து, ஒரே சீரான ஏற்றமாகக் கட்டப்பட்டிருக்கிறது. ஓரத்தில் கல் வடிகால்கூட உண்டு. விக்டோரியா காலத்தில் வேட்டைக்காரர்களுக்காகக் கட்டியது இது. சுட்ட மானை மட்டக்குதிரையின் முதுகில் ஏற்றிக் கீழே கொண்டுவர அந்தச் சீரான ஏற்றம் தேவைப்பட்டது. யாருக்காகக் கட்டியிருந்தாலும், கட்டிய கூலியாட்களின் கைவேலை நூறாண்டுக்கு மேலாகியும் குலையாமல் நிற்கிறது. ஒரு வளைவில் நின்று பார்த்தோம். எதிர்ச் சரிவில் செம்மான் கூட்டம், எங்களைப் பார்த்துத் தலை தூக்கி, பிறகு அசையாமல் நின்றது. அவற்றின்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஓநாய் இல்லாத மலையில் அவை வேறு எப்படி வாழும்?

பாதை ஒரு சிறு குளத்தருகே போய், அங்கிருந்து வலப்புறம் திரும்பி இரண்டு மலைகளுக்கு இடையிலுள்ள கணவாய்க்கு ஏறுகிறது. இடப்புறம் ருவா ஸ்டாக் மோர், வலப்புறம் அ வைச்சன். கணவாயில் ஒரு பெரும்பாறையின் அடியில் யாரோ கல் அடுக்கிச் சுவர் எழுப்பி, இரண்டு பேர் படுக்குமளவு மறைவிடம் செய்திருக்கிறார்கள். அங்கே அமர்ந்து இருபுறமும் பார்த்தால் புவியியல் பாடநூலே விரித்துவைத்தாற்போல் இருக்கும். ருவா ஸ்டாக் மோரின் பாறை செந்நிற மணற்கல்; ஏறக்குறைய 100 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணல் இறுகியது. அ வைச்சனின் பாறை சாம்பல் நிறத்தில் வரிவரியான நைஸ். அதில் மிகப் பழையதற்கு 300 கோடி ஆண்டு வயது. ஐரோப்பாவின் மிகத் தொன்மையான பாறைகளுள் ஒன்று. ஒரு கையைச் சிவப்பிலும் மறு கையைச் சாம்பலிலும் வைக்கலாம். நடுவில் விடுபட்ட காலம் 100 கோடி ஆண்டுகளுக்கும் மேல். அந்த இடைவெளியில் இங்கே இருந்த மலைகள் எல்லாம் தேய்ந்து மண்ணாகி, அடுத்த மணற்கல்லுக்கு இடம் விட்டிருந்தன.

கணவாயிலிருந்து உச்சி அதிகத் தொலைவில்லை. புல் சரிவில் ஏறி, கடைசியில் கொஞ்சம் பாறை. மேலே போனதும் தரை திடீரென்று முடிந்துபோகிறது. தெற்கிலும் மேற்கிலும் பாறை செங்குத்தாக விழுகிறது. கீழே டூ ஏரி, அதற்கப்பால் ஃபியூன் ஏரி முழு நீளத்துக்கும், அதன் முடிவில் கடல். நேர் எதிரே பென் லாரின் வடமுகம், மைல் கணக்கில் நீளும் கறுப்புப் பாறை மதில். அதற்குப் பின்னால் ஸ்லியாக், இன்னும் பின்னால் டாரிடன் மலைகள். மேற்கே ஸ்கை தீவின் ஓரமும், அன்று தெளிவாக இருந்ததால் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளின் கோடும் தெரிந்தன. ஸ்காட்லாந்திலேயே மிகச் சிறந்த காட்சி இந்த உச்சியிலிருந்துதான் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எல்லா உச்சிகளிலும் ஏறாத நான் அதற்குச் சாட்சி சொல்ல முடியாது. ஆனால் மறுத்துப் பேசவும் மாட்டேன்.

ஒரு சாலை தெரியவில்லை. ஒரு மின்கம்பம் தெரியவில்லை. கார்ன்மோரின் கூரை மட்டும் ஒரு புள்ளி. இப்படி ஒரு காட்சியில் மனம் லேசாகிவிடுவது உண்மை. அதை நான் மறைக்க விரும்பவில்லை. அந்தப் பரப்பும் தனிமையும் தரும் மகிழ்ச்சி மெய்யானது. கூடவே, கீழே பச்சைத் துண்டாகத் தெரிந்த இடங்களையும் எண்ணிப் பார்த்தேன். அழகையும் அநீதியையும் ஒரே பார்வையில் வைத்துக்கொள்ளப் பழக வேண்டியிருக்கிறது. ஒன்றைப் பார்க்க மற்றதை மறைக்க வேண்டியதில்லை. தம்பி உச்சிக் கற்குவியலில் ஒரு கல்லை வைத்துவிட்டு, யாழ்ப்பாணம் எந்தப் பக்கம் என்று திசைகாட்டியில் பார்த்தார்.

இப்போது சில இடங்களில் மாற்றம் தொடங்கியிருக்கிறது. தெற்கே பென் ஏ, 1951இல் பிரிட்டனின் முதல் தேசிய இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட மலை. மரீ ஏரியை ஒட்டிய அதன் சரிவுகளில் பழைய பைன் காடு பிழைத்து மெல்ல விரிகிறது. மான்களின் எண்ணிக்கையைக் குறைத்த இடங்களில் வேலி இல்லாமலேயே கன்றுகள் முளைக்கின்றன. அழிந்துபோன வெண்வால் கடற்கழுகை 1990களில் நார்வேயிலிருந்து கொண்டுவந்து இந்தக் கரையில் விட்டார்கள்; இப்போது அது இங்கேயே குஞ்சு பொரிக்கிறது. நாங்கள் இறங்கும்போது ஃபியூன் ஏரிக்கு மேலே ஒன்று வட்டமிட்டது. மரமும் கழுகும் திரும்புவது நல்லதே. மனிதர்களும் திரும்ப வேண்டும் என்ற குரல் ஹைலண்ட்ஸில் இன்று வலுவாக இருக்கிறது. சில தீவுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் ஊர்க்காரர்களே கூட்டாக நிலத்தை வாங்கி நடத்துகிறார்கள். காட்டை மீட்கும் பேச்சில் மக்களை மறந்துவிட்டால், ஆட்டுக்குப் பதில் மரத்தைச் சொல்லி மறுபடி நிலத்தைக் காலி செய்ததாகிவிடும்.

போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். மே மாதம் நல்லது: மழை குறைவு, பகல் நீளம், மிட்ஜ் இன்னும் பெருகியிருக்காது. பெரும்பாலும் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் 20 வரை ஆண் செம்மான் வேட்டை நடக்கும். பண்ணையை விசாரித்துக்கொண்டு போவது முறை. போக வர ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். காகித வரைபடமும் திசைகாட்டியும் கட்டாயம். வடக்கே ஷெனவால் என்ற இடத்தின் வழியாக வந்தால் ஆறுகளைக் காலால் கடக்க வேண்டும். மழைக்குப் பின் அவை ஆளை இழுத்துவிடும். இரவு படுக்குமுன் உடம்பில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்; லைம் நோய் அதனால் பரவுகிறது. ஆபத்தென்றால், சிக்னல் கிடைக்கும் இடம் வந்ததும் 999ஐ அழைத்துக் காவல்துறையைக் கேளுங்கள், பிறகு மலை மீட்பு அணி வேண்டும் என்று சொல்லுங்கள். வருபவர்கள் ஆசிரியர்கள், தச்சர்கள், கடைக்காரர்கள் என்று பல வேலை பார்க்கும் தன்னார்வலர்கள். இரவில் தூக்கத்தை விட்டு எழுந்து, சம்பளம் வாங்காமல் வருகிறவர்கள். அதனால் எந்த வழியாகப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். திரும்பியதும் அவருக்கு மறக்காமல் தகவல் சொல்லிவிடுங்கள்.